கரட்டைத் தனியே, தோடையைத் தனியே: வாசகர் கேள்வி பதில்

கச்சான் காற்று வீசத் தொடங்கியதும் கரட், தோடம்பழ ஜூஸ் பற்றிய கடிதங்களும் கூடிவிட்டன. ஒரே சந்தேகத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒரு கேள்வியாக்கி, எழுதியவர்களின் ஊரை மட்டும் போட்டிருக்கிறோம்.

வீட்டில் பிளெண்டர் மட்டும்தான் இருக்கிறது. கரட்டையும் உரித்த தோடம்பழத்தையும் ஒன்றாகப் போட்டு அடித்து, தேயிலை வடியில் வடிக்கிறேன். வடிய அரை மணித்தியாலம் ஆகிறது, குடித்தால் கசக்கிறது. எங்கே பிழை? (களுவாஞ்சிக்குடி)

ஒன்றாகப் போட்டதுதான் முதற்பிழை. தோடம்பழத்தின் விதையிலும் தோலுக்கு உட்புறம் இருக்கும் வெள்ளைச் சவ்விலும் கசப்பாக மாறக்கூடிய பொருள் இருக்கிறது. பிளேடில் விதை உடைந்தால் அது சாற்றில் கலந்துவிடும். அரைத்த உடனே கசப்புப் பெரிதாகத் தெரியாது. சாற்றின் புளிப்போடு சேர்ந்து நேரம் போகப் போகத்தான் அது கசப்பாகும். நீங்கள் அரை மணித்தியாலம் வடித்துக்கொண்டிருக்கும்போது அந்த வேலைதான் நடக்கிறது. கரட்டைத் தனியே அரையுங்கள், தோடையைத் தனியே பிழியுங்கள், கடைசியில் கலவுங்கள்.

3 தம்ளருக்கு அளவு இது: கரட் 400 கிராம் (நடுத்தரமானது 4), தோடம்பழம் 600 கிராம் (4 பழம்), கொதித்தாறிய குளிர்ந்த தண்ணீர் 150 மில்லிலீற்றர், சுண்டுவிரல் நுனியளவு இஞ்சி, ஒரு சிட்டிகை உப்பு. சீனி வேண்டாம். உப்பு அந்த ஒரு சிட்டிகையே இனிப்பை எடுத்துக் காட்டும்.

கரட்டை ஓடும் தண்ணீரில் தும்பாலோ பிரஷ்ஷாலோ தேய்த்துக் கழுவுங்கள். தோல் சீவுவது கட்டாயமில்லை, ஆனால் பழைய கரட்டின் தோல் கசக்கும், அதைச் சீவிவிடுங்கள். தலைப்பக்கம் பச்சையாக இருக்கும் பகுதியை ஒரு சென்ரிமீற்றர் அளவுக்கு வெட்டி எறியுங்கள். பிறகு குற்றிக் காசின் தடிப்பில் மெல்லிய வட்டங்களாக வெட்டுங்கள். பெரிய துண்டாகப் போட்டால் பிளேட் மேல்துண்டுகளை எட்டாது. கீழே மட்டும் கூழாகி, நடுவில் குழி விழுந்து, மோட்டார் வெறுமனே சுற்றும்.

தண்ணீரை முதலில் ஊற்றுங்கள். கரட்டில் பாதியைப் போட்டு 10 செக்கன் ஓடவிட்டு நிறுத்துங்கள். கரண்டியால் கிளறி, மீதியையும் இஞ்சியையும் போட்டு 40 செக்கன் அரையுங்கள். ஒரு நிமிடம் மோட்டாரை ஆறவிட்டு மறுபடி 40 செக்கன். அதற்கு மேல் ஓட்டினால் சாறு சூடேறி நுரைதான் கூடும். எரிந்த மணம் வந்தால் உடனே நிறுத்திவிடுங்கள், சின்ன பிளெண்டர்கள் இந்த வேலையில்தான் கருகுகின்றன.

தேயிலை வடி இதற்குச் சரிவராது. கூழ் அதன் கண்களில் பூசிக்கொண்டு அடைத்துவிடும். பழைய வெள்ளைப் பருத்தித் துணியில் ஒரு முழம் எடுத்து, அவித்துக் காயவைத்து, இந்த வேலைக்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். கூழை ஊற்றுமுன் துணியை நனைத்துப் பிழிய வேண்டும், காய்ந்த துணி சாற்றைத் தானே குடித்துவிடும். நாலு மூலையையும் கூட்டிப் பிடித்து, தேங்காய்ப்பால் பிழிவதுபோல் முறுக்குங்கள். முதலில் தடித்த செம்மஞ்சள் சாறு இறங்கும், பிறகு நிறம் வெளுக்கும். துணிக்குள் இருப்பதை விரலால் நசித்துப் பாருங்கள். ஈரமான மரத்தூள்போல் உதிர்ந்தால் முடிந்தது. இரண்டாம் பால் எடுப்பதுபோல் அந்தச் சக்கையில் 50 மில்லிலீற்றர் தண்ணீர் தெளித்து இன்னொரு முறை பிழியலாம்.

தோடம்பழத்தை மேசையில் வைத்து உள்ளங்கையால் அழுத்தி உருட்டுங்கள். குறுக்கே இரண்டாக வெட்டிக் கையாலோ தேசிக்காய் பிழியும் கருவியாலோ பிழியுங்கள். கடைசிச் சொட்டுவரை திருகிச் சுரண்டினால் வெள்ளைச் சவ்வும் சேர்ந்து வரும், அதற்கு முன்னரே நிறுத்துங்கள். விதைக்கு மட்டும் தேயிலை வடி போதும். இப்போது இரண்டையும் கலந்து குடியுங்கள்.

கலந்து வைத்துப் பத்து நிமிடத்தில் கீழே திரிதிரியாக ஒரு படிவும், மேலே மஞ்சள் தண்ணீரும் நிற்கிறது. பழுதாகிவிட்டதா? (கல்முனை)

இல்லை. தனிக் கரட் சாறு கலங்கலாகவே நிற்கும். அதில் மிதக்கும் நுண்ணிய துகள்களில் புரதமும் ஒட்டியிருக்கிறது. தோடையின் புளிப்புப் பட்டதும் அவை ஒன்றோடொன்று சேர்ந்து கட்டியாகிக் கீழே இறங்கும். பாலில் தேசிக்காய் விட்டால் திரைவது மாதிரித்தான். ஒரு கலக்கு கலக்கிக் குடித்தால் போதும்.

விருந்தாளிகளுக்கு வைக்கும்போது அழகாக இருக்க வேண்டுமென்றால் ஒரு வழி உண்டு. வெட்டிய கரட் வட்டங்களை, ஒரு லீற்றருக்கு ஒரு மேசைக்கரண்டி தேசிக்காய்ப் புளி விட்ட கொதிதண்ணீரில் 4 நிமிடம் போட்டு எடுத்து, ஐஸ் தண்ணீரில் ஆறவைத்து அரையுங்கள். புரதம் கரட்டுக்குள்ளேயே உறைந்துவிடுவதால் பிறகு தோடை சேர்த்தாலும் திரிவது குறையும். பச்சைக் கரட்டின் மணம் கொஞ்சம் போகும், சூட்டில் விற்றமின் சி சிறிது குறையும். எங்களைக் கேட்டால், வீட்டுக்குள் குடிப்பதற்கு இந்தச் சிரமம் வேண்டாம். சபைக்கு வைப்பதென்றால் செய்யுங்கள்.

பிபிலைப் பக்கத்துத் தோடம்பழம் வாங்கினேன். தோல் பச்சையாகவே இருக்கிறது. பழுத்ததா காயா என்று எப்படி அறிவது? மஞ்சளாக இருக்கும் வெளிநாட்டுப் பழம்தான் நல்லதா? (செங்கலடி)

பிபிலைக்குப் போகும் பதுளை வீதியில் இருந்துகொண்டு வெளிநாட்டுப் பழத்தைத் தேடத் தேவையில்லை. தோடையின் தோல் மஞ்சளாவதற்கு இரவுக் குளிர் வேண்டும். குளிர் பட்டால்தான் தோலின் பச்சை நிறப்பொருள் சிதைந்து மஞ்சள் வெளியே தெரியும். எங்கள் நாட்டின் தாழ்நிலங்களில் அந்தக் குளிர் இல்லை. அதனால் உள்ளே நன்றாகப் பழுத்து இனித்தாலும் தோல் பச்சையாகவோ பச்சை கலந்த மஞ்சளாகவோதான் இருக்கும்.

கையில் எடுத்துப் பாருங்கள். ஒரே அளவுள்ள இரண்டு பழத்தில் பாரமானதில் சாறு கூட. தோல் வழுவழுப்பாக, மெல்லியதாக இருக்க வேண்டும். கரடுமுரடாக, கனமாக இருந்தால் உள்ளே வெள்ளைச் சவ்வு தடிப்பு. அடிப்பக்கத்தை அழுத்தினால் சிறிது கொடுக்க வேண்டும். கல்லுப்போல் இருந்தால் காய், அதன் சாறு புளிப்பது மட்டுமல்ல, வைத்தால் கசப்பும் கூடும். நாட்டுப் பழத்தில் விதை அதிகம், அதனால்தான் பிளெண்டரில் போட வேண்டாம் என்று மேலே சொன்னோம். ஒரு கிலோ பழத்தில் 400 மில்லிலீற்றர் சாறு கிடைத்தால் நல்ல பழம். பிரிட்ஜிலிருந்து எடுத்த பழத்தை உடனே பிழியாமல் அரை மணித்தியாலம் வெளியே வைத்தால் சாறு இலகுவாக இறங்கும்.

மாம்பழக் காலத்தில் செய்த ஜூஸ் முழுவதும் கசந்தது. தோடையைத் தனியே பிழிந்தும் கசப்புத்தான். (அக்கரைப்பற்று)

கரட்டை எங்கே வைத்திருந்தீர்கள் என்று யோசியுங்கள். மாம்பழம், வாழைப்பழம், பப்பாசி எல்லாம் பழுக்கும்போது எதிலீன் என்ற வாயுவை விடும். அந்த வாயு பட்டால் கரட் தன்னைக் காத்துக்கொள்ள ஒரு கசப்புப் பொருளைத் தோல்ப்பக்கத்தில் உண்டாக்கும். ஒரே கூடையில் இரண்டு மூன்று நாள் கிடந்தாலே வித்தியாசம் தெரியும். இனிப்புச் சேர்த்து அதை மறைக்க முடியாது. தோலைத் தடிப்பாகச் சீவினால் ஓரளவு குறையும். அதற்கு மேல் கசந்தால் கறிக்கு வைத்துவிடுங்கள்.

நுவரெலியா, வெலிமடைப் பக்கத்திலிருந்து வரும் கரட் பெரும்பாலும் கழுவித்தான் மூட்டையில் போடப்படுகிறது. அந்த ஈரத்தோடு பொலித்தீன் பைக்குள் கட்டி வைத்தால் எங்கள் வெக்கைக்கு இரண்டு நாளில் வழுவழுத்துவிடும். வாங்கி வந்ததும் இலைக்காம்பை வெட்டி, துணியால் ஈரத்தைத் துடைத்து, பத்திரிகைத் தாளில் சுற்றி, பிரிட்ஜின் அடித்தட்டில் பழங்களுக்குத் தள்ளி வையுங்கள். முறித்துப் பார்த்தால் ‘டக்’கென்று முறிய வேண்டும். வளைந்து கொடுத்தால் நீர் வற்றிவிட்டது. ஒரு மணித்தியாலம் ஐஸ் தண்ணீரில் போட்டால் பாதி உயிர் வரும், சாறு மட்டும் புதுக் கரட்டின் அளவுக்கு வராது.

நோன்பு திறக்க 40 பேருக்குக் கரட், தோடை ஜூஸ் கொடுக்க நினைக்கிறோம். எவ்வளவு வாங்குவது? எத்தனை மணிக்கு ஆயத்தம் செய்வது? (காத்தான்குடி)

ஆளுக்கு 150 மில்லிலீற்றர் என்றால் 6 லீற்றர் வேண்டும். கரட் 3 கிலோவை ஒன்றரை லீற்றர் தண்ணீரோடு அரைத்துப் பிழிந்தால் ஏறக்குறைய 2 லீற்றர் 700 மில்லி வரும். தோடம்பழம் 6½ கிலோவில் 2 லீற்றர் 600 மில்லி. மிச்சம் 700 மில்லி ஐஸ் கரைந்த தண்ணீரால் நிரம்பும். பழம் விலையென்றால் 4 கிலோவாகக் குறைத்து, குறையும் ஒரு லீற்றருக்கு 10 தேசிக்காயின் புளியும் 850 மில்லிலீற்றர் தண்ணீரும் 150 கிராம் சீனியும் கலந்துகொள்ளலாம். சுவை மாறும், ஆனால் கெட்டுப்போகாது.

ஒரே பிளெண்டரில் 3 கிலோ கரட் அரைப்பது மோட்டாரைக் கொல்லும் வேலை. ஒரு தடவைக்கு 400 கிராமுக்கு மேல் போடாமல் 8 தடவையாக, நடுவில் ஆறவிட்டு அரையுங்கள். இரண்டு வீட்டுப் பிளெண்டர் இருந்தால் மாறி மாறி ஓட்டலாம்.

கரட்டைக் கழுவித் துடைக்கும் வேலையைக் காலையிலேயே முடித்துவிடுங்கள், வெட்டுவதை மட்டும் பின்னேரத்துக்கு வையுங்கள். அஸருக்குப் பிறகு அரைக்கத் தொடங்கி, கரட் சாற்றை மூடிய பாத்திரத்தில் ஐஸ் நிரப்பிய பெரிய வாளிக்குள் இறக்கி வையுங்கள். தோடம்பழத்தை அதற்குப் பிறகு பிழிந்து அதுவும் தனியே ஐஸுக்குள். பாங்கு சொல்லப் பத்து நிமிடம் இருக்கக் கலந்தால் போதும், திரிவதும் தெரியாது, கசப்பும் வராது.

ஐஸ் விடயத்தில் கவனமாக இருங்கள். கடையில் மீனுக்கு வாங்கும் கட்டி ஐஸை உடைத்து ஜூஸுக்குள் போடக் கூடாது. அது பாத்திரத்தைச் சுற்றி வெளியே வைக்க மட்டுமே. உள்ளே போடுவதைக் கொதித்தாறிய தண்ணீரில் முதல்நாளே வீட்டில் உறையவைத்துக்கொள்ளுங்கள். நாள் முழுக்க வெறும் வயிற்றோடு இருந்தவர்கள் குடிக்கப்போவது இது. மாரிக்குப் பிறகு, வெள்ளம் ஏறி வடிந்த காலங்களில் கிணற்றுத் தண்ணீரை இன்னும் கூடுதலாக நம்பாதீர்கள், பச்சைத் தண்ணீர் ஒரு சொட்டும் சேரக் கூடாது.

பால்மா கரைத்து ஊற்றினால் திரைந்து போகிறது. (திருக்கோவில்)

தோடை இருக்கும் இடத்தில் பால் நிற்காது. புளிப்பில் பாலின் புரதம் கட்டியாகும். பால் வேண்டுமென்றால் தோடையை விட்டுவிட்டு, அவித்த கரட்டும் பாலும் ஏலக்காயும் சேர்த்து அடியுங்கள். அது தனிச் சுவை, குறையொன்றுமில்லை.

ஜூசர் வாங்கி ஆறு மாதம்தான். கரட் போட்டதும் மேசையே நடுங்குகிறது, சக்கை சொதசொதவென்று ஈரமாக விழுகிறது. வலையும் செம்மஞ்சள் நிறம் பிடித்துப் போகாமல் நிற்கிறது. (ஓட்டமாவடி)

மூன்றுக்கும் காரணம் அந்த வலைக்கூடைதான். வேகமாகச் சுற்றும் ஜூசரில் கூடையின் அடியில் இருக்கும் பற்கள் கரட்டைத் துருவும், சுற்றும் விசையில் சாறு வலையின் கண்களால் வெளியே தெறிக்கும், சக்கை மேலே ஏறி வெளியே விழும். வலைக்கண்கள் அடைபட்டால் சாறு வெளியேற இடமில்லாமல் சக்கையோடு போய்விடும். அதனால்தான் ஈரச் சக்கை. அடைபட்ட பக்கம் பாரமாகி, பாரம் ஒரு பக்கம் கூடினால் நடுக்கம்.

முதலில் கூடையைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் வராத இடமெல்லாம் அடைப்பு. கடின நீர் உள்ள இடங்களில் காய்ந்த கூழோடு சுண்ணாம்பும் சேர்ந்து படியும், வெறும் தேய்ப்புக்கு அது அசையாது. வெந்நீர் ஒரு லீற்றரில் அரைக் கோப்பை வினாகிரி விட்டு இரண்டு மணித்தியாலம் ஊறவைத்து, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் வெளிப்பக்கத்திலிருந்து உள்ளே தேயுங்கள். உள்ளிருந்து தேய்த்தால் தூள் கண்களுக்குள் இன்னும் இறுகும்.

நிறம் போக சவர்க்காரம் போதாது. கரட்டின் நிறப்பொருள் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெயைப் பிளாஸ்ரிக் பாகங்களில் பூசிப் பத்து நிமிடம் விட்டுத் துடைத்து, பிறகு சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். மிஞ்சும் சாயலுக்கு முற்றத்து வெயிலில் ஒரு மத்தியானம் வையுங்கள், வெளிச்சத்தில் அது வெளுக்கும். துணியில் பட்ட கரட் கறைக்கும் இதே வைத்தியம்தான்.

இனிப் போடும் முறை. கரட்டின் தலையை வெட்டி, தடித்த கரட்டை நீளவாட்டில் பிளந்து, மோட்டார் முழு வேகம் பிடித்த பிறகு இறக்குங்கள். தள்ளும் கட்டையை மெதுவாக அழுத்துங்கள். பலமாக அழுத்தினால் துருவல் பெரிதாகி, சாறு உள்ளேயே தங்கிவிடும். இரண்டு கரட்டுக்கு ஒரு தோடைச் சுளை என்று மாறி மாறிப் போட்டால் தோடையின் நீர் வலையைக் கழுவிக்கொண்டே போகும். இங்கே மட்டும் இரண்டும் சேரலாம், விதையை எடுத்துவிட்டுப் போடுவதாக இருந்தால். தோடையின் வெளித்தோல் ஒருபோதும் போகக் கூடாது, அதிலிருக்கும் எண்ணெய் நாக்கை எரிக்கும், பிளாஸ்ரிக்கையும் கெடுக்கும். ஒரு கிலோ கரட்டில் 450 முதல் 500 மில்லிலீற்றர் வந்தால் உங்கள் ஜூசர் சரியாக வேலை செய்கிறது. கழுவுவதை ஒருபோதும் பிறகு பார்ப்போம் என்று விடாதீர்கள். பத்து நிமிடம் காய்ந்த கூழ் ஒரு மணித்தியால வேலையாகும்.

இவ்வளவும் செய்தபின் வெறுமனே ஓடவிட்டாலும் நடுங்கினால் கூடையின் விளிம்பு வளைந்திருக்கும். அதோடு ஓட்டாதீர்கள், மாற்றிக்கொள்ளுங்கள்.

மகளுக்கு இரண்டு வயது. தினமும் கரட் ஜூஸ் கொடுத்து வந்தோம். இப்போது உள்ளங்கையும் மூக்கு நுனியும் மஞ்சளாக இருக்கிறது. செங்கமாரியா என்று பயமாக இருக்கிறது. (ஆரையம்பதி)

கண்ணின் வெள்ளையைப் பாருங்கள். செங்கமாரியில் அதுவும் மஞ்சளாகும், சிறுநீரும் கடும் மஞ்சளாக மாறும். கரட்டில் உள்ள பீற்றா கரட்டீன் உடம்பில் கூடித் தோலில் படியும்போது உள்ளங்கை, உள்ளங்கால், மூக்கு மட்டும் நிறம் மாறும், கண் வெள்ளையாகவே இருக்கும். அப்படியானால் கேடில்லை, கரட்டைக் குறைத்தால் சில கிழமைகளில் மெல்ல மறையும். கண்ணில் மஞ்சள் தெரிந்தாலோ, பிள்ளை சோர்ந்து கிடந்தாலோ, உங்களுக்குச் சந்தேகம் தீராவிட்டாலோ வீட்டில் வைத்துப் பார்க்காமல் வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.

ஒரு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குப் பழச்சாறு கொடுக்கவே வேண்டாம். ஒன்றிலிருந்து மூன்று வயதுவரை எல்லாச் சாறும் சேர்த்து நாளொன்றுக்கு 120 மில்லிலீற்றருக்கு மேல் கூடாது. போத்தலில் ஊற்றிக் கையில் கொடுத்துவிட்டுப் படுக்கவைக்காதீர்கள், பால்பல் சொத்தையாகும். அவித்து மசித்த கரட்டைச் சோற்றில் ஒரு துளி நெய்யோடு கொடுப்பது இந்த வயதுக்கு ஜூஸைவிட நல்லது. கரட்டீன் உடம்பில் ஊறக் கொழுப்பு வேண்டும்.

எனக்குச் சீனி வருத்தம். சீனி போடாமல் குடித்தால் பரவாயில்லைதானே? (சம்மாந்துறை)

பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள், அதனால் சற்று விரிவாகச் சொல்கிறோம். 200 மில்லிலீற்றர் தோடம்பழச் சாற்றில் நீங்கள் ஒன்றும் போடாமலே ஏறக்குறைய 16 கிராம் சீனி இருக்கிறது, அதாவது 4 தேக்கரண்டி. முழுப்பழமாகச் சாப்பிட்டால் நாரோடு சேர்ந்து அது மெல்ல இரத்தத்தில் ஏறும், வயிறும் நிரம்பும். சாறாகக் குடித்தால் நாரெல்லாம் சக்கையில் போய்விடும். ஒரு தம்ளருக்கு மூன்று பழம் போகிறது, ஒரே மூச்சில் மூன்று பழம் யாரும் சாப்பிடுவதில்லை.

ஆசைக்கு ஒரு நாள் என்றால் கரட் மூன்று பங்கு, தோடை ஒரு பங்கு, தேசிக்காய்ப் புளி, இஞ்சி என்று 100 மில்லிலீற்றர், சாப்பாட்டோடு சேர்த்துக் குடியுங்கள். வெறும் வயிற்றில் வேண்டாம். சிறுநீரக வருத்தம் உள்ளவர்களுக்கு இதைவிட முக்கியமான விடயம் பொட்டாசியம். கரட் சாறு, தோடைச் சாறு இரண்டிலுமே அது அதிகம். வைத்தியர் அளவு சொல்லாமல் ஒரு வாயும் எடுக்காதீர்கள்.

கரட் ஜூஸ் குடித்தால் இரத்தம் ஊறும், மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிடலாம் என்கிறார்கள். உண்மையா? (ஏறாவூர்)

கரட்டில் இரும்புச்சத்து மிகக் குறைவு. நிறத்தைப் பார்த்துச் சொல்லும் கதை அது. ஆனால் தோடையின் விற்றமின் சி, கீரையிலும் பயறிலும் உள்ள இரும்பை உடம்பு எடுக்க உதவும். ஆகவே பகல் சாப்பாட்டில் கீரை இருந்தால் இந்த ஜூஸை அதோடு குடியுங்கள், சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடிக்காதீர்கள். கண்ணுக்கு, விற்றமின் ஏ குறைவால் மாலைக்கண் வந்தவருக்குத்தான் கரட் உதவும். எழுத்து மங்கிக் கண்ணாடி போட்டவருக்குக் கண்ணாடி தேவைதான்.

மிசினும் இல்லை, கறண்டும் அடிக்கடி போகிறது. கையால் செய்ய முடியுமா? (வாகரை)

தாராளமாக. கரட்டை மிகச் சிறிய கண்ணுள்ள துருவியில் துருவி, 400 கிராமுக்குக் கால் தேக்கரண்டி உப்புத்தூள் பிசறி 15 நிமிடம் மூடி வையுங்கள். உப்பு நீரை வெளியே இழுக்கும். பிறகு நனைத்த துணியில் கட்டி இருவராகப் பிடித்து எதிரெதிராக முறுக்கினால் 150 மில்லிலீற்றர் அளவு கிடைக்கும். உரல் இருந்தால் துருவலை நாலு இடி இடித்துவிட்டுப் பிழியுங்கள், இன்னும் கூடும். கொச்சிக்காய் இடித்த உரலென்றால் முதலில் ஒரு பிடி அரிசி இடித்து எறிந்துவிட்டுக் கழுவுங்கள்.

காலை வேலைக்குப் போக வேண்டும். ஒரு கிழமைக்குச் செய்து போத்தலில் அடைத்து வைக்கலாமா? கொதிக்கவைத்தால் கெடாதுதானே? (மட்டக்களப்பு நகர்)

ஒரு கிழமைக்குக் கூடாது. கொதிக்கவைத்தும் கூடாது.

தோடம்பழச் சாறு தனியே புளிப்பானது, கெட்டால் புளித்து நுரைத்துத் தானே காட்டிக்கொடுக்கும். கரட் மண்ணுக்குள் விளைவது, புளிப்பில்லாதது. மண்ணில் இருக்கும் ஒரு வகைப் பற்றீரியாவின் வித்துகள் கழுவியபின்பும் அதில் ஒட்டியிருக்கலாம். வீட்டு அடுப்பில் கொதிக்கவைத்தால் மற்றக் கிருமிகள் சாகும், இந்த வித்துகள் சாகாது. மூடி இறுக்கிய, காற்றில்லாத போத்தலில், போதிய குளிரில்லாமல் கிடந்தால் அவை முளைத்து பொட்டுலிசம் என்ற வாத நோயைத் தரும் நஞ்சை உண்டாக்கும். மணத்திலோ சுவையிலோ அதை நம்பி அறிய முடியாது. 2006 இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் கடையில் வாங்கிய கரட் ஜூஸைக் குடித்து ஆறு பேர் இப்படி உடல் முடங்கிப்போனார்கள். தோடை கலந்தால் புளிப்பு ஏறும், ஆனால் நச்சைத் தடுக்கும் அளவுக்கு ஏறியதா என்று வீட்டில் அளந்து பார்க்க முடியாது.

அதனால் வழி இதுதான். அன்றைக்கு அன்று செய்யுங்கள். முடியாவிட்டால் இரவு செய்து, வெந்நீரில் கழுவிய கண்ணாடிப் போத்தலில் கழுத்துவரை நிரப்பி, உடனே பிரிட்ஜின் உட்பக்கத் தட்டில் வையுங்கள். கதவுப் பக்கம் வேண்டாம், திறக்கத் திறக்கச் சூடேறும். 24 மணித்தியாலத்துக்குள் முடித்துவிட வேண்டும். மேசையில் இரண்டு மணித்தியாலம் இருந்ததைக் கொட்டுங்கள். எங்கள் வெயிலில், காற்றில்லாத அறையில், ஒரு மணித்தியாலமே கணக்கு. கறண்ட் போனால் திறக்காத பிரிட்ஜ் 4 மணித்தியாலம் குளிரைப் பிடிக்கும். அதைத் தாண்டினால் ஜூஸை வைத்திருக்காதீர்கள்.

கிழமைக்கு ஒரு நாள்தான் நேரம் கிடைக்கும் என்றால் கரட் சாற்றை ஐஸ் தட்டில் ஊற்றி உறையவையுங்கள். ஒரு மாதம் தாங்கும். இரவே வேண்டிய கட்டிகளைத் தம்ளரில் போட்டுப் பிரிட்ஜின் கீழ்த்தட்டில் கரையவிட்டு, காலையில் இரண்டு தோடையைப் பிழிந்து ஊற்றினால் 3 நிமிட வேலை. பாடசாலைக்குப் போத்தலில் கொடுத்துவிடுவதென்றால் இந்த ஜூஸ் வேண்டாம், இடைவேளை வரும்போது அது வெக்கையில் மூன்று மணித்தியாலம் இருந்திருக்கும். உரிக்காத தோடம்பழமொன்றைப் பைக்குள் வைத்துவிடுங்கள்.

பிழிந்த சக்கையை எறிய மனம் வரவில்லை. (பொத்துவில்)

எறிய வேண்டாம், ஆனால் அன்றைக்கே பாவியுங்கள், அதுவும் சீக்கிரம் புளிக்கும். ஒரு கோப்பைச் சக்கைக்கு அரைக் கோப்பைத் தேங்காய்ப்பூ, இரண்டு பச்சைக் கொச்சிக்காய், நாலு சின்ன வெங்காயம், உப்பு, தேசிக்காய்ப் புளி சேர்த்துப் பிசைந்தால் சம்பல். சாறு போனதால் இனிப்புக் குறைவு, ஒரு சிட்டிகை சீனி சேர்த்தால் சமப்படும்.

ரொட்டிக்கு இரண்டு கோப்பை மாவுக்கு ஒரு கோப்பைச் சக்கை கணக்கு. ஈரம் அதிலேயே இருப்பதால் வழக்கமாக விடும் தண்ணீரில் பாதியை மட்டும் விட்டுப் பிசைந்து பாருங்கள். பிட்டு அவிப்பதென்றால் மாவைக் குழைத்த பிறகு சக்கையை உதிர்த்துத் தேங்காய்ப்பூவோடு இடையிடையே தூவுங்கள். மாவோடு சேர்த்துக் குழைத்தால் கட்டி பிடித்து வேகாமல் நிற்கும். இஞ்சி போட்டு அரைத்த சக்கை பிட்டுக்குச் சரிவராது, அதைச் சம்பலுக்கே வைத்துக்கொள்ளுங்கள்.